போகாத பயணத்துக்கும் ஒரு ப்ரொவிஷன்

நாலு குடும்பம் சேர்ந்து எங்கேயாவது போகலாம்னு பேச்சு எடுத்தா, நம்ம மக்கள் கேக்கிற முதல் கேள்வி "எங்கே?" இல்லை. "சாப்பாட்டுக்கு என்ன பண்றோம்?" அதான். உலகத்துல எந்த மூலைக்குப் போனாலும் தமிழனுக்கு இந்தக் குணம் மாறாது. எனக்கும் மாறலை.

இங்கே கொல்கத்தா லேக் கார்டன்ஸ்ல எங்க செட்டு நாலு குடும்பம், கூட ரெண்டு பேச்சிலர் தம்பிங்க. பெரியவங்க 10, பசங்க 4, ஆக 14 தலை. வர்ற ஜனவரி கடைசி வாரத்துல ரெண்டு நாள் கேனோ பயணம், ஒரு ராத்திரி கூடாரத்துல தங்கல்னு முடிவாகியிருக்கு. கேனோன்னா பயப்படாதீங்க, நம்ம தோணியோட தம்பிதான். ரெண்டு முனையும் கூர்மை, ஒத்தைத் துடுப்பு, மோட்டார் கிடையாது. நாங்க எடுக்கப் போறது காத்தடிச்சு ஊதிக்கிற ரகம். படகுக்கு ரெண்டு பேர், மொத்தம் 7 படகு.

பேச்சு ஆரம்பிச்ச மூணாவது நாளே சாப்பாட்டு லிஸ்ட் நாலு பக்கம் வந்துடுச்சு. புளியோதரை யாரு, சப்பாத்தி யாரு, தக்காளித் தொக்கு யாரு, லேக் மார்க்கெட்ல வாழை இலை வாங்குறது யாரு, டிகாஷன் ஃப்ளாஸ்க் யார் பொறுப்பு... எல்லாத்துக்கும் எதிர்ல பேர் போட்டாச்சு. "படகு கவிழ்ந்தா?"ங்கிற வரிக்கு எதிர்ல மட்டும் யார் பேரும் இல்லை. ஏன்னா அந்த வரியே இல்லை.

வங்கியில இருபது வருஷத்துக்கு மேல குப்பை கொட்டினவனுக்கு ஒரு வியாதி உண்டு. ஒரு பேப்பரைக் கையில கொடுத்தா, அதுல என்ன எழுதியிருக்குன்னு பாக்கறதுக்கு முன்னாடி என்ன எழுதலைன்னு பாப்பான். கடன் விண்ணப்பத்துல பளபளன்னு இருக்கிற பக்கம் யாருக்கும் தொல்லை கொடுத்ததில்லை. காலியா விட்ட கட்டம்தான் ரெண்டு வருஷம் கழிச்சு வந்து கழுத்தைப் பிடிக்கும்.

அதனால என் கட்சி இதுதான். தண்ணிப் பயணத்துக்குத் தயாராகிறதுன்னா கூடாரம், துடுப்பு, ஸ்டவ், புளியோதரை மட்டும் இல்லை. போகாம இருக்கறதுக்கும், பாதியில திரும்பறதுக்கும் தயாராகணும். அதுக்குப் பணம் ஒதுக்கணும், ஆள் நியமிக்கணும், நேரம் குறிக்கணும். மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

எங்க வீட்டுக்குப் பக்கத்துல நடந்தது

லேக் கார்டன்ஸ் ஸ்டேஷனுக்கு வடக்கே ரயில் பாதையைத் தாண்டினா ரவீந்திர சரோபர். பழைய ஆளுங்களுக்கு டாக்குரியா லேக். 1920கள்ல கல்கத்தா இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் வெட்டின செயற்கை ஏரி, 1958ல தாகூர் பேரை வெச்சாங்க. காலையில நடக்கப் போனா துடுப்புப் படகுகள் ஊசி மாதிரி தண்ணியைக் கிழிச்சிக்கிட்டுப் போறதைப் பாக்கலாம். இந்த ஊர்ல துடுப்புப் போடுறது ஒரு நூத்தாண்டுக்கும் மேற்பட்ட பழக்கம். ஏரியைச் சுத்தி அதுக்குன்னே கிளப்புகள் இருக்கு.

அந்த ஏரியிலதான் 2022 மே 21, சனிக்கிழமை சாயங்காலம், பள்ளிக்கூடப் போட்டிக்காகப் பயிற்சி எடுத்துக்கிட்டிருந்த பசங்களோட படகு கால்பைசாகிப் புயல்ல கவிழ்ந்துச்சு. மத்தவங்க கரையேறினாங்க. ரெண்டு பேர் வரலை. ரெண்டு பேருமே 14 வயசு.

கால்பைசாகி தெரியாதவங்களுக்கு: சித்திரை, வைகாசி சமயத்துல சோட்டா நாக்பூர் பக்கமிருந்து வடமேற்கா வர்ற இடிப்புயல். பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேலதான் வரும். வெயில் கொளுத்திட்டு இருக்கும்போதே ஒரு பக்கம் வானம் கறுக்கும், கொஞ்ச நேரத்துல மரம் சாயும். எங்க வீட்டுல துணி எடுக்க மாடிக்கு ஓடுறதுக்குள்ள பாதித் துணி பக்கத்து மாடியில இருக்கும்.

யார் மேல தப்புன்னு சொல்ல நான் வரலை. அதுக்கு அப்புறம் ஏரியில படகுப் பயிற்சி நிறுத்தப்பட்டு, பாதுகாப்பு விதிமுறைகள் எழுதின பிறகுதான் திரும்பத் தொடங்குச்சு. எனக்கு உறைச்சது வேற. அது கடல் இல்லை, காட்டாறு இல்லை. நாலு பக்கமும் ரோடு, சுத்திலும் நகரம், கரை கண்ணுக்குத் தெரியுது. தண்ணிக்கு அதெல்லாம் கணக்கே இல்லை.

இன்னும் மூணு தேதி சொல்றேன். 2009 செப்டம்பர் 30, தேக்கடி: சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர். கரையில மிருகம் தெரியுதுன்னு எல்லாரும் ஒரே பக்கம் நகர்ந்ததா தப்பிச்சவங்க சொன்னாங்க. 2011 டிசம்பர் 25, பழவேற்காடு: கிறிஸ்துமஸ் லீவுக்குச் சொந்தக்காரங்க சேர்ந்து போன உல்லாசப் பயணம், மீன்பிடிப் படகு, 20க்கும் மேற்பட்டவங்க. 2024 ஜனவரி 18, வடோதரா ஹர்ணி ஏரி: பள்ளிக்கூட பிக்னிக், 12 மாணவர்கள், 2 ஆசிரியைகள். படகுல அளவுக்கு மேல ஆளுங்க, பலர் உடம்புல ஜாக்கெட் இல்லை.

இதுல எந்தக் குடும்பமும் சாப்பாடு எடுத்துக்க மறந்திருக்காது. "இன்னிக்கு வேண்டாம்", "இத்தனை பேர் வேண்டாம்"னு சொன்னா அந்தச் சொல்லுக்கு எல்லாரும் கட்டுப்படணும்ங்கிற ஏற்பாடுதான் இல்லாமப் போகுது. எல்லாரும் ஜாலியா கிளம்பி நிக்கும்போது ஒருத்தர் வேண்டாம்னு சொல்றது எவ்வளவு கஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க. அந்தக் கஷ்டத்தைக் கரையில, அந்த நிமிஷத்துல தீர்க்க முடியாது. ரெண்டு மாசம் முன்னாடி வீட்டுல உக்காந்துதான் தீர்க்க முடியும்.

எங்கே போறோம்

முதல்ல சுந்தரவனம்னு பேச்சு வந்துச்சு. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அங்கே ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஓதம் ஏறி ரெண்டு தடவை வத்தும். காலையில படகு விட்ட இடம் மத்தியானம் முழங்கால் சேறு. வனத்துறை அனுமதி, கூட வழிகாட்டின்னு விதி இருக்கு. காட்டுக்குள்ள கூடாரம் போடுற கதையே கிடையாது. போதாததுக்குத் தண்ணியில முதலை, அதே தண்ணியில நீந்திக் கடக்கிற புலி. ஊதின கேனோவுல போயி அதுங்களுக்கு டிஃபன் ஆக யாரும் தயாரா இல்லை :-)

அடுத்து, "ஹூக்ளியிலேயே போகலாமே, வீட்டுக்குப் பக்கம்"னு ஒருத்தர். ஹூக்ளியில பான் வரும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி கடல் தண்ணி ஒரு சுவரு மாதிரி ஆத்துல ஏறி வர்றதுக்கு இங்கே பேரு பான். ஃபெர்ரிக்காரங்களே அட்டவணை பாத்துத்தான் படகைக் கட்டுவாங்க. புதுசா துடுப்புப் பிடிக்கிறவங்க கத்துக்கிற இடமில்லை அது.

கடைசியில பூர்வஸ்தலி பக்கம் சூப்பி ஏரின்னு முடிவாச்சு. பாகீரதி நதி பாதை மாறினப்போ விட்டுட்டுப் போன குதிரை லாட வளைவு. ஹவுராவுல காட்வா லோக்கல் ஏறினா நவத்வீபம் தாண்டி வர்ற ஸ்டேஷன். குளிர்காலத்துல வலசை வாத்துங்க ஆயிரக்கணக்குல வந்து இறங்கும். தண்ணி பெரும்பாலும் அசையாம நிக்கும். ஊர்க்காரர் ஒருத்தரோட தோட்டத்துல கூடாரம் போட அனுமதி வாங்கியாச்சு. உள்ளூர் மாஜி ரெண்டு பேர் அவங்க படகோட எங்ககூடவே வரணும்னும் பேசியாச்சு. (மாஜின்னதும் மாஜி மந்திரின்னு நினைக்காதீங்க. வங்காளத்துல படகோட்டிக்குப் பேரே மாஜிதான்.) மாசமும் யோசிச்சு வெச்சதுதான்: ஜனவரியில கால்பைசாகி கிடையாது.

இடம் சரி, மாசம் சரி. இதோட முக்கால்வாசி ஆபத்து போயிடுச்சு. மீதி கால்வாசி நாமதான்.

ஒண்ணு: மேக்கர் வேற, செக்கர் வேற

எந்த வங்கியிலயும் ஒரு வவுச்சரைப் போடுறவரே அதை பாஸ் பண்ண முடியாது. பெட்டக அறைக்கு ரெண்டு சாவி, ரெண்டு பேர் கையில. யாரையும் நம்பலைன்னு அர்த்தமில்லை. ஆசையா ஒரு வேலையைச் செய்யறவனுக்கு அதுல இருக்கிற ஓட்டை தெரியாது, அவ்வளவுதான்.

இந்தப் பயணத்தை ஏற்பாடு பண்றது நான். அதனால "கிளம்பலாமா வேண்டாமா"ன்னு முடிவு பண்ற உரிமை எனக்கு இருக்கக் கூடாது. ரயில் டிக்கெட் போட்டவன், அட்வான்ஸ் கொடுத்தவன், நாலு பேர்கிட்ட பெருமை அடிச்சவன்... நான் எப்பவும் "கிளம்பலாம்"னுதான் சொல்லுவேன். எங்க எதிர் ஃபிளாட் அக்காகிட்ட அந்தச் சாவியைக் கொடுத்திருக்கோம். எங்க கூட்டத்துல நல்லா நீந்தத் தெரிஞ்சவங்க அவங்கதான், யார் முகத்துக்காகவும் தலையாட்டாத ஆளு. அவங்க வேண்டாம்னா வேண்டாம். காரணம் கேக்கக் கூடாது, "அக்கா, கொஞ்சம் பாருங்களேன்"னு கெஞ்சக் கூடாது, அப்புறமா கேலி பண்ணக் கூடாது. மூத்த மாஜி தாதாவுக்கும் அதே உரிமை. ரெண்டு பேர்ல யார் ஒருத்தர் மறுத்தாலும் படகு இறங்காது.

ஆம்பளைங்க ரெண்டு பேர் இதுக்கு முகம் சுளிச்சாங்க. சுளிக்கட்டும். சுளிச்ச முகத்தை ஒரு காபியில சரி பண்ணலாம்.

ரெண்டு: பணத்தை முன்னாடியே எழுதித் தள்ளுங்க

பி.காம். படிச்சவங்களுக்கு ஞாபகம் இருக்கும், திரும்பி வராத செலவை அடுத்த முடிவுக்குக் கணக்குல எடுக்கக் கூடாதுன்னு. பரீட்சையில எழுதி மார்க் வாங்கறது சுலபம். ஏரிக்கரையில நின்னுக்கிட்டு, "இவ்வளவு தூரம் வந்துட்டோம், இவ்வளவு காசு கட்டிட்டோம்"ங்கிற குரலை அடக்கறதுதான் கஷ்டம். வெளியூர்ல வேலை பாக்கிற நமக்கு இன்னும் கஷ்டம். இருக்கிற லீவெல்லாம் ஊருக்குப் போறதுக்கே சரியாப் போகுது. கல்யாணம், காதுகுத்து, அப்பாவோட கண் ஆபரேஷன். நமக்குன்னு எடுத்துக்கிற ரெண்டு நாளை விட மனசு வருமா?

அதுக்குத்தான் ப்ரொவிஷன். ஒழுங்கா தவணை கட்டிட்டு இருக்கிற நல்ல கடனுக்கே பொதுவா 0.40 சதவீதம் ஒதுக்கி வைன்னு ரிசர்வ் வங்கி சொல்லுது. கடன் கெட்டுப்போகும்னு சாபம் விடுற ஒதுக்கீடு இல்லை அது. கெட்டா வலிக்காம இருக்கட்டும்னு வைக்கிறது.

எங்க கணக்கு: தலைக்கு 3,500, ஆக 49,000 ரூபாய். அதுல ரத்து பண்ணினா திரும்பி வராத பணம் 12,600, தலைக்கு 900. அந்த 900ஐ முதல் மாசமே வசூல் பண்ணி, எல்லாரும் "இது போச்சு"ன்னு வாய்விட்டுச் சொல்லிட்டோம். பயணம் நடந்தா அது வாடகை. நடக்கலைன்னா ஏற்கனவே போன காசு. கரையில நிக்கும்போது விவாதத்துக்கு வர வேண்டிய பணமே இல்லை.

இதோட, மாற்றுத் திட்டம் ஒண்ணும் வேணும். கேனோ இல்லைன்னா வீட்டுக்குத் திரும்பறதுன்னு ஆனா யாருக்கும் "வேண்டாம்"னு சொல்ல வாய் வராது. நாங்க வெச்சிருக்கிறது: கரையிலேயே கூடாரம், நவத்வீபம் ஒரு நடை, நோலேன் குர் சந்தேஷ் வயிறு முட்ட. பசங்க ரகசியமா மாற்றுத் திட்டத்துக்குத்தான் வேண்டிக்கிறாங்கன்னு எனக்கு சந்தேகம்.

மூணு: நீச்சலுக்கும் கே.ஒய்.சி. உண்டு

"நீச்சல் தெரியுமா?"ன்னு கேட்டா பெரியவங்க 10 பேர்ல 8 பேர் தெரியும்னாங்க. எப்போ கடைசியா? ஒருத்தர் திருவையாத்துல எட்டாங்கிளாஸ் படிக்கிறப்போ. இன்னொருத்தர் மாமா வீட்டுக் கிணத்துல, முதுகுல சுரைக்குடுக்கை கட்டிக்கிட்டு. வாய்வழி வாக்குமூலத்தை வெச்சு நான் ஒரு சேமிப்புக் கணக்குகூடத் திறக்க மாட்டேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை எல்லாரையும் நீச்சல் குளத்துக்கு வரச் சொன்னோம். ட்ராக் பேண்ட், டீஷர்ட்டோட தண்ணியில இறங்கணும், ஏன்னா கவிழும்போது யாரும் நீச்சல் உடையில இருக்கப் போறதில்லை. எட்டு பேர் மூணு பேரானாங்க. இதுல வெக்கப்பட ஒண்ணுமில்லை. படகுல யார் யாரோட உக்காரணும்னு அப்பதான் தெளிவாச்சு: நீந்தத் தெரியாத ரெண்டு பேர் ஒரே படகுல கிடையாது. பசங்களோட படகு ஒவ்வொண்ணும் ஒரு மாஜி படகை ஒட்டியே போகணும்.

அன்னிக்கே ஜாக்கெட்டையும் சோதிச்சோம். வாடகைக்குக் கொடுத்தவர் அனுப்பின 16ல அஞ்சுக்குக் கொக்கி உடைஞ்சிருந்துச்சு, திருப்பி அனுப்பி மாத்தினோம். சோதனை ரொம்ப எளிசு: போட்டு இறுக்கிக்கச் சொல்லி, தோள் பட்டையைப் பிடிச்சு மேல தூக்குங்க. முகவாய்க்கு மேல ஏறினா அது அவங்க ஜாக்கெட் இல்லை. பசங்களுக்குப் பெரியவங்க சைஸைப் போட்டு "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ"ன்னு சொல்ற பழக்கம் ஸ்கூல் யூனிஃபார்மோட நிக்கட்டும். இன்னொண்ணு, ஜாக்கெட் மேல 50, 100னு நியூட்டன் அளவு போட்டிருக்கும். 50ங்கிறது நீந்தத் தெரிஞ்சவங்களுக்கான மிதவை உதவி. தெரியாதவங்களுக்கு 100 கேட்டு வாங்குங்க. படகுல ஏறினதுலேர்ந்து இறங்கற வரைக்கும் உடம்புலேயே இருக்கணும். போட்டோவுக்காகக்கூடக் கழட்டக் கூடாது.

நாலு: தண்ணிக்கு நடுவுல தண்ணி

பூர்வஸ்தலி பக்கம் நிலத்தடி நீர்ல ஆர்சனிக் இருக்கு. வங்காளத்துல கங்கைக்கரை மாவட்டங்கள்ல பல வட்டாரங்களுக்கு இருக்கிற பழைய சாபம் இது. கொதிக்க வெச்சா போகாது. தண்ணி சுண்டச் சுண்ட அடர்த்தி கூடத்தான் செய்யும். ரெண்டு நாள்ல யாருக்கும் ஒண்ணும் ஆயிடாது, அங்கேயே வாழற ஜனங்களுக்குத்தான் அது பிரச்சினை. ஆனாலும் ஏரித் தண்ணியையோ பாக்கிற அடிகுழாயையோ நம்பிப் போக வேண்டாம்னு முடிவு. தலைக்கு நாளுக்கு 3 லிட்டர்னா 14 பேருக்கு ரெண்டு நாளைக்கு 84 லிட்டர். 20 லிட்டர் கேன் அஞ்சு.

அதாவது 100 கிலோ. இதைக் கேனோவுல ஏத்தினா கதை கந்தல். கேன், கூடாரம், ஸ்டவ், பாத்திரம் எல்லாம் டோட்டோவுல கரை வழியா வரும். படகுல போறது ஆளும், குடிக்க ஒரு பாட்டிலும், நனையாத பையில ஒரு செட் உடுப்பும்தான். வங்காளிங்க குளிர்காலத்துல போடுற மங்கி கேப்பை நாம கிண்டல் பண்றோம், ஆனா ஜனவரி ராத்திரி ஏரிக்கரையில அது தெய்வம். இட்லிக் குண்டான் வேண்டாம்னு சொல்லியிருக்கேன். தீர்மானம் இன்னும் நிறைவேறலை.

அஞ்சு: கடிகாரம்

ஜனவரி கடைசியில இங்கே சூரியன் 5.20 வாக்குல மறைஞ்சுடும். அந்தச் சமயத்துல சென்னையில 6 மணி தாண்டித்தான் அஸ்தமனம். பல வருஷமா இங்க இருந்தும் நம்ம உடம்புல ஓடறது ஊர்க் கடிகாரம்தான். அதனால 3 மணிக்கு எல்லாப் படகும் கரையில. பறவை நல்லா தெரியுது, இன்னும் பத்து நிமிஷம்... கிடையாது. காலையில மூடுபனி விலகாம இறங்கறதும் கிடையாது. ஏழு படகும் விசில் கேக்கிற தூரத்துக்குள்ள, மெதுவாப் போறவங்க நடுவுல. ஏரியைத் தாண்டி ஆத்துக்குள்ள போறது கிடையாது.

ஆறு: நம்மளைத் தேட யார் இருக்கா?

இந்தப் பகுதியைத்தான் ஊரை விட்டு வந்த நம்ம எல்லாருக்குமா எழுதறேன்.

ஊர்ல இருந்தா நாம சொல்லவே வேண்டாம். "காலையில போனதுங்க, இன்னும் வரலையே"ன்னு எதிர் வீட்டுப் பாட்டி எட்டு மணிக்கே திண்ணையில உக்காந்துடுவாங்க. பத்து மணிக்குத் தெருவே தேட ஆரம்பிச்சுடும். அந்தத் தொணதொணப்பு தாங்காமத்தான் நாம பாதிப் பேர் வெளியூர் வந்தோம்னும் வெச்சுக்கலாம். ஆனா அது ஒரு காவல். இங்கே நமக்கு அந்தப் பாட்டி இல்லை. லிஃப்ட்ல பாத்தா சிரிக்கிற உறவுதான். சனிக்கிழமை ராத்திரி நம்ம வீட்டுல விளக்கு எரியலைன்னா, பக்கத்து ஃபிளாட்டுக்காரங்க "ஊருக்குப் போயிருப்பாங்க"ன்னு நினைச்சுட்டுத் தூங்கிடுவாங்க. அவங்க மேல குறை சொல்ல முடியாது.

அதனால அந்தப் பாட்டியை நாமளே நியமிக்கணும். எங்க கட்டடத்துல ரிட்டையரான வங்காளி தம்பதி ஒருத்தர் இருக்காங்க, எங்ககூட வரலை. அவங்க கையில ஒரு தாள்: 14 பேர் பேர், வயசு, ரத்த வகை, எங்கே இறங்குறோம், எங்கே தங்குறோம், மாஜியோட நம்பர், பக்கத்துக் காவல் நிலையம், கால்னா, காட்வா சப்-டிவிஷன் மருத்துவமனை நம்பர்கள். ரெண்டு நாளும் 4 மணிக்கு நான் போன் பண்ணுவேன். 5 மணி வரைக்கும் வரலைன்னா அவங்க மாஜிக்கு அடிப்பாங்க, அதுக்கும் பதில் இல்லைன்னா காவல் நிலையம். அந்த மாமி தாளை வாங்கிப் படிச்சுட்டு, வங்காளியில, "இத்தனை வருஷத்துல முதல் தடவையா என்னை ஏதோ கேட்டிருக்கீங்க"ன்னாங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியலை.

டொரான்டோவுல இருக்கிற நம்மாளுங்களுக்கு இதெல்லாம் பழசா இருக்கலாம். கனடாவுல கேனோவுக்கே சட்டம் இருக்கு: ஏறுற ஒவ்வொருத்தருக்கும் அளவான ஜாக்கெட், 15 மீட்டர் மிதக்கும் கயிறு, தண்ணி இறைக்க ஒரு பாத்திரம், சத்தம் எழுப்ப ஒரு விசில். அல்கோன்குவின் பூங்காவுல உள்காட்டுல ஒரு கூடார இடத்துல 9 பேருக்கு மேல தங்கக் கூடாது. இங்கே அப்படி யாரும் கேக்க மாட்டாங்க. கேக்கலைன்னா நாமளே கேட்டுக்க வேண்டியதுதான். விசிலும் கயிறும் சேர்த்து ஒரு பிரியாணிப் பொட்டலம் விலைகூட வராது.

"இவ்வளவு ரூல்ஸ் போட்டா எதுக்குப் போகணும்?"

எங்க பேச்சிலர் தம்பி ஒருத்தன் இதைக் கேட்டான். "சார், நீங்க பிக்னிக்குக்கு சாங்ஷன் லெட்டர் அடிக்கிறீங்க. அந்த மாஜிங்க பிறந்ததுலேர்ந்து ஜாக்கெட் போட்டதில்லை. 1969ல இதே கல்கத்தாவுலேர்ந்து பினாகி சட்டர்ஜியும் ஜார்ஜ் டியூக்கும் துடுப்புப் போட்டே அந்தமான் போயிருக்காங்க!"

நியாயமான கேள்வி. நிஜமாவே போனாங்க, இந்த ஊரே பெருமைப்படற சாதனை அது. ஆனா ரெண்டு பேரும் தெரிஞ்சு தங்களோட உயிரைத்தான் பணயம் வெச்சாங்க. எங்க படகுல நாலு பசங்க இருக்காங்க. அப்பா அம்மா ஏறுன்னா ஏறுற வயசு. எந்தத் தாள்லயும் அவங்க கையெழுத்து கிடையாது. அவங்களுக்காக நாம கையெழுத்துப் போடறோம்னா, ஜாமீன்தாரர் மாதிரி எல்லா ஷரத்தையும் படிச்சுட்டுத்தான் போடணும்.

மாஜி விஷயத்துக்கு வர்றேன். அவருக்கு ஜாக்கெட் தேவைப்படாம இருக்கலாம். அவருக்கு நீந்தத் தெரியும்ங்கிறது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், எப்போ இறங்கக் கூடாதுன்னு அவருக்குத் தெரியும். காத்து எந்தப் பக்கம் திரும்புது, மேகம் எப்படி நிக்குதுன்னு பாத்துட்டு "ஆஜ் நா", இன்னிக்கு வேண்டாம்னு சொல்லிட்டு பீடி பத்த வெச்சுக்குவார். நம்ம ஊர் மீனவர்களும் அப்படித்தான், வானத்தைப் பாத்துட்டுக் கட்டுமரத்தை மணல்ல விட்டுட்டு வலை பின்ன உக்காந்துடுவாங்க. ஒரு நாள் வருமானம் போனாலும் சரின்னு. தண்ணியோடயே வாழறவங்க தைரியத்துல பாதி, மறுக்கிற தைரியம். நாம அவங்ககிட்டேயிருந்து துடுப்புப் போடறதை மட்டும் கத்துக்கிட்டு அந்தப் பாதியை விட்டுட்டு வர்றோம். அதை ஈடுகட்டத்தான் இந்தத் தாள், கடிகாரம், ப்ரொவிஷன் எல்லாம்.

தம்பி ஒத்துக்கிட்டானான்னு தெரியலை. ஆனா போன வாரம் அவனா வந்து, "சார், எனக்கு 100 நியூட்டன் ஜாக்கெட்டே இருக்கட்டும்"னான். குளத்துல மூணு பேர் லிஸ்ட்ல அவன் பேர் இல்லைன்னு உங்களுக்குப் புரிஞ்சிருக்கும்.

நீங்க துபாயோ, சிங்கப்பூரோ, டொரான்டோவோ, டெல்லியோ, எங்கே இருந்தாலும் சரி. அடுத்த தடவை நாலு குடும்பமா தண்ணிப் பக்கம் போறீங்கன்னா சாப்பாட்டு லிஸ்ட்டைத் தாராளமா போடுங்க. அதே தாளோட தலையில மூணு வரி மட்டும் எழுதிடுங்க: வேண்டாம்னு சொல்றது யாரு? வேண்டாம்னா போற காசு எவ்வளவு? நாம வரலைன்னா தேடறது யாரு? இந்த மூணுக்கும் எதிர்ல பேரும் தொகையும் விழாத வரைக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீங்க.